மோட்டார் சைக்கிள் ரிப்பேர்: தன் கையா, டீலர் பட்டறையா?

மாதக் கடைசி. காலை எட்டரை மணி. ஒரு குடும்பஸ்தர் வேலைக்குக் கிளம்புகிறார். பின்னால் பள்ளிக்கூடப் பையுடன் மகள். வண்டியின் பொத்தானை அழுத்துகிறார். 'டக்' என்று ஒரு சத்தம்; அதோடு சரி. உதைத்துப் பார்க்கிறார். பயன் இல்லை.

மகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறார். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லுகிறார். வண்டியின் முன்னால் குந்தி உட்காருகிறார். அப்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. இதைத் தானே கழற்றிப் பார்ப்பதா? அல்லது டீலர் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதா?

இந்தக் கேள்வி எழாத வீடு இன்று குறைவு. ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் வசதி படைத்தவர்களின் வாகனம். இன்று அது உழைப்பாளியின் கால். பால்காரர், கொத்தனார், தபால்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ், வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர் ஆகிய எல்லோருடைய பிழைப்பும் இரண்டு சக்கரத்தின் மேல் ஓடுகிறது. வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நிற்கிறது.

ஆகவே, இது பொழுதுபோக்கு விஷயம் அல்ல. குடும்ப வரவு செலவு விஷயம். சில சமயம் உயிர் விஷயம்.

அன்றைய வண்டி, இன்றைய வண்டி

1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஆரம்பமாயிற்று. திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. 1961-ல் மைசூரில் ஜாவா வண்டிகள் தயாராகத் தொடங்கின. ராஜ்தூத் வண்டியும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததுதான்.

அந்த வண்டிகளை வைத்திருந்தவர்களுக்குக் கைவேலை தெரிந்தே ஆகவேண்டும். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவார்கள். 'பாயின்ட்' இடைவெளியைச் சரிபார்ப்பார்கள். கார்புரேட்டரைப் பிரித்து ஊதுவார்கள். வண்டியோடு ஒரு சாமான் பையும் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் வாசலில் பழைய துணி, மண்ணெண்ணெய்க் கிண்ணம், ஸ்பானர் சகிதம் உட்கார்ந்துவிடுவார்கள். மகன் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான். அப்படியே தொழிலும் கற்றுக்கொள்வான்.

1980-களில் ஜப்பானியக் கூட்டுறவுடன் 100 சி.சி. வண்டிகள் வந்தன. ஓசூரிலிருந்து இண்டு சுசுகி வந்தது. ஹீரோ ஹோண்டா வந்தது. யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. வண்டிகள் அடிக்கடி நிற்பது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலையும் குறைந்தது.

அடுத்த பெரிய மாறுதல் 2020 ஏப்ரல் 1-ந் தேதி வந்தது. அன்று முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. அதோடு அநேகமாக எல்லாப் புதிய வண்டிகளிலும் கார்புரேட்டர் போயிற்று. அதன் இடத்தில் பெட்ரோலைப் பீச்சிக் கொடுக்கும் கருவி வந்தது. எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் என்று ஒரு சிறு கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. புகைக் குழாயில் பிராணவாயுவை அளக்கும் சென்சார் இருக்கிறது. கோளாறு வந்தால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. அது என்ன கோளாறு என்று படிக்கத் தனிக் கருவி வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு, "இனிமேல் வீட்டில் எதுவும் செய்ய முடியாது, எல்லாம் டீலர்தான்" என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அது தவறு. செயின் இன்னும் செயின்தான். டயர் இன்னும் டயர்தான். ஆயில் இன்னும் ஆயில்தான். தினசரி பராமரிப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது.

மாறாக, "எங்கள் தாத்தா புல்லட்டையே பிரித்து மாட்டினார், எனக்கு இது என்ன?" என்று ஸ்குரூ டிரைவரோடு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை பல வீட்டு வாசலில் நடக்கிறது.

பணம் மிஞ்சுமா?

தானே ரிப்பேர் செய்தால் பணம் மிஞ்சும் என்பது பொது நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

நல்ல ஸ்பானர் செட், ஆயில் பிடிக்கும் தட்டு, புனல், செயின் பிரஷ் ஆகியவற்றுக்கு 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவை ஆயில் மாற்றினால் கூலியில் 250 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுத் தடவை மாற்றிய பிறகுதான் போட்ட முதல் திரும்பும். 3,000 கிலோ மீட்டருக்கு ஒரு தடவை என்றால், 24,000 கிலோ மீட்டர் ஓட வேண்டும். தினம் 30 கிலோ மீட்டர் ஓடுகிறவருக்கு இது 800 நாள் சமாசாரம். இரண்டு வருஷத்துக்கு மேல்!

அதற்குள் ஒரு தவறு நேர்ந்தால் கணக்கே தலைகீழ். எஞ்சினின் அடிப்பாகம் அலுமினியம். ஆயில் வடிக்கும் போல்ட் இரும்பு. "நன்றாக இறுகட்டும்" என்று பலம்கொண்ட மட்டும் முறுக்கினால் அலுமினிய மரை தேய்ந்துவிடும். பிறகு ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும். 250 ரூபாய் கூலியை மிச்சம் பிடிக்கப் போய், ஆயிரக்கணக்கில் செலவு வந்து நிற்கும்.

ஆயில் வாங்குவதிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்தபடி சுற்றுகின்றன. சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும். அதை இதில் ஊற்றினால் கிளச் வழுக்கும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஆகவே டப்பாவின் மேல் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ. 2' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எந்தப் பருமன் ஆயில், எத்தனை மில்லி என்பது வண்டியோடு வரும் கைப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பலர் பிரிப்பதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

டீலரிடம் போனால் மட்டும் செலவு ஒழுங்கா? அங்கும் கணக்கு உண்டு. கூலி ஒன்று. கூலியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஒன்று. கேட்காமலே சேர்க்கப்படும் பாலிஷ், கோட்டிங், கிளீனர் சிலவற்றில் ஒன்று. ஒரு நாள் வண்டி இல்லாமல் அலைவது ஒன்று. சிறு வேலைக்கெல்லாம் டீலரிடம் ஓடினால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

ஆகப் பணத்தை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. வேறு தராசு வேண்டும்.

ஒரே ஒரு தராசு

அந்தத் தராசு மிகவும் எளிது. எந்த வேலையைத் தொடுவதற்கு முன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "இதில் தவறு செய்துவிட்டால் என்ன ஆகும்?"

தவறு செய்தால் வண்டி கிளம்பாமல் போகும் என்றால், அது தைரியமாகச் செய்து பார்க்கக்கூடிய வேலை. நஷ்டம் நேரமும் கொஞ்சம் பணமும்தான்.

தவறு செய்தால் வண்டி நிற்காமல் போகும் என்றால், அது தெரிந்தவர் கையில் கொடுக்க வேண்டிய வேலை. நஷ்டம் பணத்தோடு போகாது.

கிளம்பாத வண்டி வாசலில் நிற்கும். நிற்காத வண்டி லாரிக்கு அடியில் போய் நிற்கும். இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

வீட்டிலேயே செய்யத் தக்கவை

பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது, ஏர் பில்டரைச் சுத்தம் செய்வது அல்லது மாற்றுவது, பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைத்து இறுக்குவது, பியூஸ் மாற்றுவது, பல்பு மாற்றுவது, கிளச் கேபிளின் தளர்ச்சியைச் சரிசெய்வது ஆகிய எல்லாம் வீட்டு வாசல் வேலைகள். ஆயில் மாற்றுவதும் இந்த வகைதான். ஆனால் போல்ட்டை அளவோடு முறுக்கத் தெரிய வேண்டும்.

பாட்டரியைக் கழற்றும்போது 'மைனஸ்' முனையை முதலில் எடுக்க வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஸ்பானர் தவறி இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்காமல் இருக்க இதுதான் வழி.

செயின் விஷயம் தனியாகச் சொல்லத் தக்கது. செயின் வறண்டால் பல்சக்கரம் தேயும். அதிகமாக இறுக்கினால் பேரிங் கெடும். அதிகமாகத் தளர்ந்தால் கழன்று சக்கரத்தில் மாட்டும். எத்தனை மில்லி மீட்டர் ஆட வேண்டும் என்பது கைப்புத்தகத்தில் இருக்கிறது. பல வண்டிகளுக்கு இது 20 முதல் 30 மில்லி மீட்டர் வரை. சுத்தம் செய்து ஆயில் விடுவது அரைமணி வேலை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. செயினைச் சுத்தம் செய்யும்போது எஞ்சின் ஓடக் கூடாது. "கியரில் போட்டு ஓடவிட்டால் செயின் தானாகச் சுற்றும், துணியைப் பிடித்தால் போதும்" என்று சிலர் செய்கிறார்கள். துணியைச் செயின் இழுக்கும். துணியோடு விரலும் போகும். பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவில் அகப்பட்ட விரல் முழுசாகத் திரும்பாது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. ஒரு கேனில் சேர்த்துப் பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுப்பதே முறை.

தெரிந்தவரிடம் கொடுக்கத் தக்கவை

டிஸ்க் பிரேக், பிரேக் ஆயில், ஏ.பி.எஸ்., முன் போர்க், ஸ்டியரிங் பேரிங், சக்கரத்தைக் கழற்றி மாட்டுவது இவையெல்லாம் தெரிந்தவர் வேலை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பல வண்டிகளில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லுகிறார்கள். மாற்றும்போது குழாயில் ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டாலும் பிரேக் பிடி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. பிரேக் பேடில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் அதே கதிதான்.

125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆயிற்று. அதில் சக்கரத்தின் பக்கத்தில் சென்சார் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறவர் அதை நசுக்கிவிட்டால், அவசரமான சமயத்தில் ஏ.பி.எஸ். கைகொடுக்காது.

பெட்ரோல் பீச்சும் கருவியும் வீட்டு வேலை அல்ல. குழாயில் பெட்ரோல் அழுத்தத்தோடு நிற்கிறது. சூடான எஞ்சின் பக்கத்தில் அதைத் திறப்பது நெருப்போடு விளையாடுவது. மின்சார வண்டி வைத்திருப்பவர்கள் பாட்டரிப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

பிரேக்கைத் தொடாமலே சோதிக்க எல்லோருக்கும் முடியும். டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில் வெளியே ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது அந்த அம்பு எல்லைக் கோட்டைத் தொட்டால், ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதைப் பார்க்கக் காசு வேண்டாம். ஸ்பானர் வேண்டாம். கண் இருந்தால் போதும்.

மூன்றாவது வழி, மோசமான வழி

தானே செய்வது ஒரு வழி. கூலி கொடுத்துச் செய்வது ஒரு வழி. மூன்றாவது ஒரு வழி இருக்கிறது. பலர் தேர்ந்தெடுப்பது அதைத்தான். செய்யவும் மாட்டார்கள், செய்யக் கொடுக்கவும் மாட்டார்கள்.

"சம்பளம் வரட்டும்" என்பார்கள். "தீபாவளி கழியட்டும்" என்பார்கள். "இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்பார்கள். டயர் வழுக்கைத் தலை ஆகியிருக்கும். பிரேக்கை மிதித்தால் கால் தரையைத் தொடும். முன் விளக்கு பக்கத்து மரத்தைப் பார்க்கும். அந்த வண்டியில் மனைவி பின்னால் உட்காருவாள். பெட்ரோல் டாங்கின் மேல் குழந்தை உட்காரும்.

பணக் கஷ்டம் யாருக்கும் புரியாதது அல்ல. 1,500 ரூபாய் என்பது பல குடும்பங்களில் பத்து நாள் மளிகை. ஆனால் தள்ளிப்போடும் செலவு வட்டியோடு திரும்பி வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. தேய்ந்த பிரேக் ஷூவை மாற்றாவிட்டால் டிரம் கெடும். வறண்ட செயினைக் கவனிக்காவிட்டால் பல்சக்கரமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆயில் குறைந்த எஞ்சினை ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நூறில் முடிய வேண்டியது பத்தாயிரத்தில் முடியும்.

கையில் காசு குறைவாக உள்ள மாதத்தில் எதை முதலில் செய்வது? பிரேக் முதலில். டயர் இரண்டாவது. விளக்கு மூன்றாவது. எஞ்சின் நான்காவது. பெயின்டும் பாலிஷும் கடைசி. இந்த வரிசையைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

புதிய வண்டி என்றால்?

வாரண்டி உள்ள வண்டிக்கு வேறு நியாயம். முதல் சில சர்வீஸ்கள் 'இலவசம்' என்று கூப்பன் கொடுப்பார்கள். கூலி மட்டும்தான் இலவசம். ஆயிலுக்கும் பில்டருக்கும் காசு உண்டு. இருந்தாலும், குறிப்பிட்ட நாளுக்குள் அல்லது குறிப்பிட்ட கிலோ மீட்டருக்குள் அவற்றைச் செய்யத் தவறினால், பிறகு பெரிய கோளாறு வரும்போது "சர்வீஸ் ஒழுங்காகச் செய்யவில்லை" என்று கைவிரிக்க இடம் ஏற்படும். எனவே வாரண்டி முடியும் வரையில் சர்வீசுக்கு டீலரிடம் போவதுதான் புத்திசாலித்தனம். பில்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வாரண்டி முடிந்த பிறகு வண்டிக்காரருக்குச் சுதந்திரம் வருகிறது. அப்போது டீலர் ஒருவரே கதி என்று நினைக்க வேண்டியதில்லை.

தெருமுனை மெக்கானிக்

தன் கைக்கும் டீலருக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கிறார். தெருமுனையில், வேப்பமரத்தடியில், ஒரு மரப்பெட்டியும் காற்றடிக்கும் பம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். சத்தத்தைக் கேட்டே 'டைமிங் செயின்' என்று சொல்லிவிடக்கூடியவர். பாதி வழியில் வண்டி நின்றால் ஓடி வருகிறவர் அவர்தான். "அண்ணே, காசு அப்புறம் கொடுங்க" என்று சொல்லக்கூடியவரும் அவர்தான்.

இவரிடம் சில நன்மைகள் உண்டு. வேலை கண்ணெதிரே நடக்கும். எந்தச் சாமான் போனது என்று கையில் எடுத்துக் காட்டுவார். வேண்டாத பாலிஷ் சேர மாட்டார். சாமானை வண்டிக்காரரே வாங்கி வந்து கொடுக்கலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இதற்கென்றே கடைகள் வரிசையாக இருக்கின்றன. புதுப்பேட்டையில் பழைய சாமான் கிடைக்கும். ஆனால் பிரேக், டயர் போன்ற உயிர் காக்கும் சாமான்களைப் பழசில் வாங்குவது கூடாது. புதுச் சாமான் பொட்டலத்தில் விலை அச்சிட்டிருக்க வேண்டும். பில் கேட்டு வாங்க வேண்டும். போலிச் சாமான்கள் உலவுகின்றன என்பதை மறக்கக் கூடாது.

இந்த மெக்கானிக்குகளின் எதிர்காலம் இன்று கேள்விக்குறியாக இருக்கிறது. புது வண்டிகளின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி பலரிடம் இல்லை. கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகமும் சுலபத்தில் கிடைப்பதில்லை. இருபது வருஷ அனுபவம் உள்ளவர்கூட மஞ்சள் விளக்கு எரிந்தால், "டீலரிடம் கொண்டு போங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவருடைய திறமை குறைந்துவிடவில்லை. கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

கம்பெனிகளின் கடமை

இங்கேதான் இது தனி மனிதர் விவகாரம் என்ற நிலை மாறிப் பொது விவகாரம் ஆகிறது. 'நானே செய்வதா, டீலரா' என்று ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், இரண்டு வழியும் திறந்திருக்க வேண்டும். சாமானும் விவரமும் டீலரிடம் மட்டுமே கிடைக்கும் என்றால், அங்கே தேர்தல் ஏது?

கார் விஷயத்தில் இந்தக் கேள்வி முன்பே எழுந்தது. ஸ்பேர் சாமான்களை வெளிச் சந்தையில் கிடைக்காமல் செய்தார்கள் என்று, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் நடந்தன. ஆனால் அடிப்படை நியாயம் அன்றே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, 'ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகியவை அதில் அடங்கும். அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல ஆரம்பம். ஆனால் ஆரம்பத்தோடு நின்றுவிடக் கூடாது. அமெரிக்காவில் 1975-லேயே வாரண்டிச் சட்டம் வந்தது. "எங்கள் பெயர் போட்ட சாமானைத்தான் காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி இல்லை" என்று பொதுவாக நிபந்தனை போடுவதை அது தடுத்தது.

கம்பெனிகள் செய்ய வேண்டியது பெரிய தியாகம் ஒன்றும் அல்ல. சர்வீஸ் புத்தகத்தைத் தமிழில், நியாய விலைக்கு, யார் கேட்டாலும் கொடுக்கலாம். கோளாறு படிக்கும் கருவியை வெளி மெக்கானிக்குகளுக்கு விற்கலாம். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். வண்டி விற்பது கம்பெனிகளின் உரிமை. விற்ற வண்டி வாங்கியவருடைய சொத்து.

டீலர்களுக்கும் கடமை உண்டு. வேலை தொடங்கும் முன் உத்தேசச் செலவைச் சொல்ல வேண்டும். கேட்காத வேலையைச் செய்யக் கூடாது. கழற்றிய பழைய சாமானைக் காட்ட வேண்டும். வண்டிக்காரர்களும் இவற்றைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். சேவையில் குறை இருந்தால் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், ஐந்து லட்ச ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமே இல்லை.

கைத்திறனைவிடக் கவனம்

1974-ல் அமெரிக்காவில் ராபர்ட் பிர்சிக் என்பவர் மோட்டார் சைக்கிள் பராமரிப்பை வைத்தே ஒரு தத்துவ நூல் எழுதினார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. எஞ்சின் பிடித்துக்கொள்கிறது, வண்டி பட்டறைக்குப் போகிறது. அங்கே ரேடியோ அலறுகிறது. வேலையாட்கள் சிரித்துப் பேசியபடி அடிக்கிறார்கள், தட்டுகிறார்கள். வண்டி இன்னும் கெட்டுப்போய்த் திரும்புகிறது. கடைசியில் பார்த்தால், உள்ளே ஆயில் போகும் வழியில் ஒரு சிறு பின் முறிந்திருந்தது. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அவர்களிடம் கருவி இல்லாமல் இல்லை. தொழில் தெரியாமலும் இல்லை. கவனம்தான் இல்லை. கவனம் என்பது கடையில் விற்கும் சரக்கு அல்ல. வண்டிக்காரரிடம் அது இயற்கையாகவே இருக்கிறது. ஏனென்றால், அந்த வண்டியில் போகப்போவது அவரும் அவருடைய குடும்பமும்தான்.

ஆகவே, தானே ரிப்பேர் செய்யாதவர்கூட வாரத்தில் பத்து நிமிஷம் வண்டியோடு உட்கார வேண்டும். டயர் காற்று, செயின், பிரேக், விளக்கு, ஆயில் அளவு என்று ஐந்தை மட்டும் பார்த்தால் போதும். இதனால் இரண்டு லாபம். கோளாறு சிறிதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். டீலரிடமோ மெக்கானிக்கிடமோ போகும்போது ஏமாறவும் வேண்டியதில்லை. "ஏதோ சத்தம் வருது" என்று சொல்பவருக்கும், "மூணாவது கியரில் செயின் பக்கம் சத்தம் வருது" என்று சொல்பவருக்கும் ஒரே மாதிரி பில் வராது.

பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளலாம். பெண் குழந்தைகளையும்தான். நாளை அவளும் ஒரு வண்டி ஓட்டப் போகிறாள். நடு ரோட்டில் வண்டி நிற்கும்போது யார் வருவார் என்று காத்திருக்கும் நிலை அவளுக்கு வேண்டாம்.

காலை எட்டரை மணிக்கு நின்றுபோன அந்த வண்டி என்ன ஆயிற்று? அவர் சீட்டைத் திறந்தார். பாட்டரியின் ஒரு முனை தளர்ந்து கிடந்தது. துடைத்து, ஒரு சாதாரண ஸ்குரூ டிரைவரால் இறுக்கினார். பொத்தானை அழுத்தினார். வண்டி கிளம்பிற்று.

அவர் உடனே ஆபீசுக்கு ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பின் சக்கரத்தைப் பார்த்தார். பிரேக்கின் அம்புக்குறி கோட்டைத் தொட்டிருந்தது. அதைத் தன் கையால் கழற்ற முயற்சி செய்யவில்லை. சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போடவும் இல்லை. மெதுவாக வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை மெக்கானிக்கிடம் போனார்.

பாட்டரியைத் தானே சரிசெய்தது சாமர்த்தியம். பிரேக்கைத் தெரிந்தவரிடம் கொடுத்தது விவேகம். இரண்டும் சேர்ந்தால்தான் சாயந்திரம் மகளை அழைத்துக்கொண்டு பத்திரமாக வீடு திரும்ப முடியும்.